பழவேற்காட்டுக் கடலை அளந்தவர்கள்

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் ரயில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதும் எளாவூரில் நிற்கும். அங்கிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு ஏரியின் மேற்கு ஓரம். மழைக்காலத்தில் அகலமாக விரிந்து, கோடையில் சுருங்கி, பல இடங்களில் இடுப்பளவுகூட ஆழமில்லாமல் கிடக்கும் உப்பங்கழி அது. ஆரணி, காளங்கி, சுவர்ணமுகி ஆறுகள் அதில் வந்து சேர்கின்றன. ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா, அதற்கப்பால் வங்கக் கடல். கடலுக்குள் இறங்கியபின்னும் ஆழம் உடனே வந்துவிடுவதில்லை. கரைக்கு இணையாக மணல் மேடுகள் நீருக்கடியில் நீண்டு கிடக்கின்றன. பழவேற்காட்டுத் திட்டுகள் என்றும், வடக்கே ஆர்மகான் திட்டு என்றும் மாலுமிகள் இவற்றைக் குறித்து வைத்தார்கள். சோழமண்டலக் கரையில் கப்பல் ஓட்டியவர்களுக்குப் பாறையைவிட மணலே பெரிய எதிரி. பாறை இடம் மாறாது, மணல் மாறும். இந்தக் கரையைக் கடல் வரைபடத்தில் ஏற்றும் வேலை 400 ஆண்டுகளாகியும் முடியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

வரைபடம் வருவதற்கு முன்பே இங்கே அளவு இருந்தது. இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை உள்ள நீளம் ஒரு பாகம். கயிற்றை இழுத்துக் கைவிரித்து எண்ணினாலே ஆழம் தெரிந்துவிடும். ஆங்கில மாலுமிகள் ஆறடி என்று நிர்ணயித்துக்கொண்ட ஃபாதம் என்ற அளவும் இதே விரித்த கைகளிலிருந்து பிறந்ததுதான். கயிற்றைக் கையால் இழுக்கிறவன் எந்தக் கடலில் இருந்தாலும் இந்த அளவுக்குத்தான் வந்து சேர்வான் போலிருக்கிறது. பின்னாளில் மீட்டர் வந்து ஃபாதத்தை வரைபடத்திலிருந்து இறக்கியது. மீனவர் பேச்சிலிருந்து பாகத்தை அது இறக்கவில்லை.

இடம் கண்டுபிடிக்கவும் ஒரு முறை இருந்தது. கரையில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு பொருள்கள், ஒரு கோயில் கோபுரமும் அதன் பின்னால் ஒரு பனந்தோப்பும் என்று வைத்துக்கொள்ளலாம், ஒன்றையொன்று மறைக்கும் நேரம் படகு ஒரு நேர்கோட்டில் இருக்கிறது. வேறு திசையில் இன்னொரு சோடி அதேபோல் சேரும்போது இரு கோடுகளும் வெட்டும் புள்ளி கிடைத்துவிடும். வலை சிக்கும் பாறையும் மீன் கூடும் பள்ளமும் இப்படித்தான் நினைவில் பதிந்தன. கடல் அளவையாளர்கள் பின்னர் கடலுக்குள்ளிருந்து செய்ததும் அடிப்படையில் இதுவே. அவர்கள் கையில் கோணமானி இருந்தது, எண்களைத் தாளில் எழுதினார்கள்.

தட்டை நிலம் என்பதால் இந்தக் கரையில் அடையாளங்கள் குறைவு. கடலிலிருந்து பார்த்தால் கரை ஒரு கோடு, அதன்மேல் பனைகள் இன்னொரு கோடு. கப்பலில் வருகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் உள்நாட்டு மலைதான். வானம் தெளிவாக இருக்கும் நாளில் மேற்கே தொலைவில் மூக்கு போலச் சரிந்து தெரியும் நகரி மலையைப் பார்த்துத்தான் மாலுமிகள் பழவேற்காட்டுக்கும் சென்னைக்கும் நேராக வந்துவிட்டோமா என்று தீர்மானித்தார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயரும் நகரி மூக்குதான்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610இல் பழவேற்காட்டில் வணிகக் கொட்டடி போட்டது. 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலத்தில் டச்சுக்காரர்களின் நடுநாயகம் இந்த ஊர்தான். துணி இங்கிருந்து ஜாவாவுக்கும் மலுக்குத் தீவுகளுக்கும் போனது. ஆனால் கப்பல்கள் ஊருக்குள் வரவே முடியாது. ஏரியின் வாய் ஆழமற்றது, கடலோரம் திட்டுகள். பெரிய கப்பல் கடலில் நங்கூரம் போட்டு நிற்க, சரக்கு சின்னப் படகுகளில் போய்வந்தது. அந்த நிலையில் எங்கே நங்கூரம் போடலாம், அங்கே அடித்தரை மணலா சேறா, எத்தனை பாகத்தில் கயிறு பிடிக்கும் என்ற தகவல்தான் வணிகத்தின் உயிர்.

டச்சுக் கம்பெனி அந்தத் தகவலைச் சரக்கைப் போலவே பூட்டி வைத்தது. ஆம்ஸ்டர்டாமில் வரைபடம் எழுதுவதற்கென்றே ஒருவரை அமர்த்தியிருந்தார்கள். 1617 வாக்கில் அந்த வேலைக்கு வந்தவர் ஹெசல் ஹெரிட்ஸ். அவருக்குப் பின் புகழ்பெற்ற ப்ளாவ் குடும்பம் அதைப் பார்த்துக்கொண்டது. புறப்படும் கப்பலுக்குத் தோலில் கையால் எழுதிய வரைபடங்கள் கொடுக்கப்படும், திரும்பி வந்ததும் ஒப்படைக்க வேண்டும். பயணத்தில் எழுதிய நாட்குறிப்பும் வரைபடக்காரர் கைக்குப் போகும். புதிதாகத் தெரிந்த ஒரு திட்டு, தவறாக இருந்த ஒரு முனை, எல்லாம் மூலப்படத்தில் திருத்தப்பட்டு அடுத்த கப்பலுக்கு நகலாகும். கிழக்குக் கடல்களுக்கான இந்தப் படங்கள் அச்சில் பொதுவில் வெளியானது 1753இல்தான், ஃபான் கோய்லன் பதிப்பகத்தின் கடல் தீவட்டி என்ற பெரும் நூல்வரிசையின் ஆறாம் பாகமாக. அதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் முந்திவிட்டார்கள். தாப்ரே த மான்விலெட் தன் கிழக்குக் கடல் வரைபடத் தொகுதியை 1745இலேயே அச்சிட்டிருந்தார்.

ஆங்கிலேயர்களும் இதே திட்டுகளின் நிழலில்தான் முதலில் இடம் பிடித்தார்கள். ஏரிக்கு வடக்கே துர்க்கராஜபட்டினத்தில் 1626 வாக்கில் அவர்கள் கோட்டை கட்டினார்கள். உதவி செய்த உள்ளூர்ப் பெரியவர் ஆறுமுக முதலியின் பெயர்தான் ஆர்மகான் ஆனது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அந்தப் பெயர் ஊருக்கு நிலைக்கவில்லை, கடலடி மணல் திட்டுக்கு நிலைத்தது. ஒரு தமிழ்ப் பெயர் உலக மாலுமிகளின் வரைபடத்தில் ஏறியது இப்படி ஒரு அபாயத்தின் பெயராக. ஆர்மகானில் இருந்த ஆங்கிலக் கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே 1639இல் தெற்கே போய்ச் சென்னைப்பட்டினத்து நிலத்தைப் பேசி முடித்தார். அங்கும் துறைமுகம் கிடையாது, திறந்த கடல்தான். அடுத்த 240 ஆண்டுகள் சென்னைக்கு வந்த கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நிற்க, மசுலாப் படகும் கட்டுமரமும்தான் ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்தன. 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த லா பூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பல்கள் அக்டோபரில் இந்தத் திறந்த கடலில் நின்றபோதுதான் புயல் வந்து சிதறடித்தது.

கடலை அளப்பது எப்படி நடந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முக்கியக் கருவி ஒரு ஈயக்குண்டு, 7 முதல் 14 பவுண்டு எடை. கீழ்ப்பக்கம் ஒரு குழி, அதில் கொழுப்பைத் திணித்திருப்பார்கள். குண்டு தரையைத் தொட்டு மேலே வரும்போது கொழுப்பில் மணலோ கிளிஞ்சல் துணுக்கோ சேறோ ஒட்டியிருக்கும். அடித்தரை இன்னதென்று அப்படித்தான் தெரியும், ஆழ எண்ணுக்குப் பக்கத்தில் அதையும் படத்தில் எழுதுவார்கள். கயிற்றில் அடையாளங்கள் கட்டியிருக்கும்: 2 பாகத்தில் இரு கீற்றுத் தோல், 3இல் மூன்று கீற்று, 5இல் வெள்ளைத் துணி, 7இல் சிவப்புக் கொடித்துணி, 10இல் துளையிட்ட தோல். நிறம் மட்டும் போதாதென்று துணியின் நெசவையும் வேறுபடுத்தினார்கள். இரவில் கண் தெரியாத நேரத்தில் விரலோ உதடோ பட்டால் இது தோல், இது பருத்தி, இது கம்பளி என்று தெரியவேண்டும் என்பதற்காக.

படகின் ஓரத்தில் நின்று குண்டை முன்னால் வீசி, படகு அதன் மேலே வரும்போது கயிறு செங்குத்தாக நிற்கும் கணத்தில் ஆழத்தைக் கூவுவது ஒருவன் வேலை. இந்தியக் கடல்களில் அந்த வேலையையும் துடுப்பையும் பெரும்பாலும் லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட நம் நாட்டு மாலுமிகளே செய்தார்கள். அதிகாரி அந்த நேரம் கோணமானியில் கரையின் மூன்று அடையாளங்களுக்கிடையே இரண்டு கோணங்களை எடுப்பார். இரண்டும் சேர்ந்தால் படகின் இடம் தாளில் விழும், அதன்மேல் ஆழம் எழுதப்படும். பிறகு படகு சில கசம் நகர்ந்து மறுபடியும் இதே வேலை. நாள் முழுக்க, வெயிலில், அலைமேல். கடைசியில் ஏற்ற இறக்கத்தையும் கணக்கிட்டு, எல்லா ஆழங்களையும் தண்ணீர் மிகத் தாழும் நேரத்துக்குக் குறைத்து எழுத வேண்டும். கப்பலுக்குத் தெரியவேண்டியது எப்போதும் கிடைக்கும் குறைந்தபட்ச ஆழம். அதிக ஆழத்தை எழுதிக் கப்பல் தட்டுவதைவிடக் குறைத்து எழுதி அது சுற்றிப் போவதே மேல் என்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். படத்தின் கீழ்மூலையில் அளந்தவர் பெயராக அதிகாரியின் பெயர் இருக்கும். குண்டு வீசியவன் பெயர் இருக்காது.

கப்பலின் அட்சத்தைச் சூரியனைக் கொண்டு கண்டுவிடலாம். தீர்க்கம்தான் தலைவலி. இங்கேதான் சென்னை உலகக் கடல் வரைபடத்தின் கதைக்குள் நுழைகிறது, முதலில் ஓர் ஆள் வழியாக, பிறகு ஒரு வானோக்கு நிலையம் வழியாக. 1753இல் பதினைந்து பதினாறு வயதில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்து இறங்கிய அலெக்சாண்டர் டால்ரிம்பிள், கோட்டையின் பழைய கடிதக்கட்டுகளிலும் மாலுமிகளின் நாட்குறிப்புகளிலும் மூழ்கியவர். 1779இல் கம்பெனியின் கடல் வரைபட அதிகாரியானார். 1795இல் பிரிட்டிஷ் கடற்படை இதற்கென ஓர் அலுவலகம் தொடங்கியபோது முதல் தலைமை அவருக்கே கிடைத்தது. உலகின் பெரும்பாலான கப்பல்கள் பின்னர் நம்பிய வரைபட அலுவலகத்துக்குச் சென்னைக் கோட்டையில் எழுத்தராக இருந்த ஒரு பையன் தலைவனான கதை இது.

சென்னையில் 1786இல் வில்லியம் பெட்ரி தன் சொந்தச் செலவில் வைத்த வானோக்கு நிலையம் 1792இல் கம்பெனியின் கட்டிடமாக நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. வானவியல், புவியியல், கடற்பயணம் மூன்றையும் வளர்ப்பதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. அதை நடத்தியவர் மைக்கேல் டாப்பிங், கம்பெனியின் கடலோர அளவையாளர். சோழமண்டலக் கரையின் ஊர்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று விண்மீனைப் பார்த்து நிர்ணயிப்பது அவர் பணி. ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க 1794இல் எட்டுப் பையன்களை வைத்து ஓர் அளவைப் பள்ளியும் தொடங்கினார். அதுதான் இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரியின் மூலம். பள்ளி தொடங்கி இரண்டே ஆண்டில், 1796இல் அவர் இறந்துபோனார். அடுத்து வந்த ஜான் கோல்டிங்காம் வியாழனின் துணைக்கோள்கள் மறைவதைப் பல ஆண்டுகள் பார்த்துச் சென்னையின் தீர்க்கத்தைக் கணித்தார்: 80 பாகை 18½ கலை.

அந்த எண் தப்பு. உண்மையில் நுங்கம்பாக்கம் 80 பாகை 15 கலைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. வித்தியாசம் தரையில் ஆறு கிலோமீட்டருக்கு மேல். பாகைக்கு நான்கு நிமிடம் என்று பெருக்கினால் கோல்டிங்காமின் எண் கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால் வரும். நாடு முழுக்க ரயில்கள் ஓடிய 'மெட்ராஸ் டைம்' அதுவேதான். ரயிலுக்கு ஏறக்குறையப் பதினைந்து நொடிப் பிழை ஒரு பொருட்டல்ல. கரையோரத்தை மட்டும் பார்த்துப் போகும் கப்பலுக்கும் பெரிய தீங்கில்லை, கரையும் திட்டும் சேர்ந்தே நகர்ந்திருக்கும். நடுக்கடலிலிருந்து கிரீனிச் கடிகாரத்தை நம்பி இரவில் கரை நோக்கி வருகிற கப்பலுக்குத்தான் குழப்பம். வரைபடம் திட்டையும் கரையையும் உண்மையில் இருப்பதைவிடக் கிழக்கே, கப்பலுக்கு அருகில் காட்டும். நிலவரைபடங்களுக்கும் சென்னையே தொடக்கப்புள்ளி என்பதால், சற்றே திருத்தப்பட்ட 80 பாகை 17 கலைச் சொச்சம் என்ற அடுத்த எண்ணும் இந்தியா முழுவதையும் சில கிலோமீட்டர் கிழக்கே தள்ளி வைத்திருந்தது. தந்தி மூலம் நேரத்தை ஒப்பிட்ட பிறகே அது சரியானது.

வரைபடப் பிழையின் விலையை நேரில் அனுபவித்தவர் ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க். 1786இல் அவர் பயணம் செய்த அட்லஸ் என்ற கப்பல் தவறான படத்தை நம்பித் தியேகோ கார்சியாத் தீவில் மோதி உடைந்தது. அதிலிருந்து அவர் தன் எல்லாப் பயணங்களிலும் குறித்ததையெல்லாம் திரட்டிக் கிழக்குக் கடல்களுக்கான வழிகாட்டி நூலை எழுதினார். 1810இல் கம்பெனியின் கடல் வரைபட அதிகாரியாகி 1836இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். சோழமண்டலக் கரைக்கு வந்த கப்பல்களின் மேசையில் ஒரு தலைமுறைக்கு அவர் புத்தகம்தான் இருந்தது.

ஆழம் தெரிந்தால் மட்டும் போதாது, இரவில் கரை தெரியவேண்டும். சென்னையில் 1796இல் கோட்டைக்குள் வணிகக் கூடத்தின் மாடியில் தேங்காயெண்ணெய் விளக்கு ஏற்றப்பட்டது. 1844இல் கருங்கல் தூண், 1894இல் உயர் நீதிமன்றக் கோபுரம், 1977இல் மெரினா என்று அந்த ஒளி இடம் மாறிக்கொண்டே போனது. பழவேற்காட்டுக்கும் ஒரு கலங்கரை விளக்கம் வந்தது. ஏரிவாய்க்கு அருகே இன்று லைட்ஹவுஸ் குப்பம் என்ற ஊரே இருக்கிறது. விளக்கு மாலுமிக்காக எரிந்தது, பெயர் குப்பத்துக்கு வந்தது.

வெளிக்கடலின் திட்டையும் அலையையும் தவிர்க்க நினைத்தவர்களுக்கு இன்னொரு வழியும் பிறந்தது. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு பேசில் காக்ரேன் வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னர் பழவேற்காடு ஏரிக்கும் அதற்கு வடக்கேயும் நீண்டது. 1877–78 பஞ்சத்தில் பட்டினி கிடந்த மக்களைக் கொண்டு ஒரு பகுதி வெட்டப்பட்டு, அப்போதைய ஆளுநர் பெயரால் பக்கிங்காம் கால்வாயானது. ஸ்ரீஹரிகோட்டா விறகும் உப்பும் கிளிஞ்சலும் இந்த வழியில் சென்னைக்கு வந்தன. ஏரியில் கம்பு ஊன்றிப் படகு தள்ளுகிறவருக்கு அச்சிட்ட படம் எதுவும் தேவைப்படவில்லை. கம்பு எவ்வளவு இறங்குகிறது என்பதே ஆழம், அதன் நுனியில் வருவது மணலா சேறா என்பதே அடித்தரை. ஈயக்குண்டின் கொழுப்பு செய்த வேலையைத்தான் இந்தக் கம்பும் செய்தது.

1863இல் இந்தியக் கடற்படை கலைக்கப்பட்டதும் கடல் அளவை ஏறக்குறைய நின்றேபோனது. பதினொரு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 1874இல் கல்கத்தாவில் இந்தியக் கடல் அளவைத் துறை தொடங்கப்பட்டது. முன்னாள் கடற்படை அதிகாரி ஏ. டி. டெய்லர் தலைமை ஏற்றார். 1881இல் வந்த இன்வெஸ்டிகேட்டர் கப்பல் அளந்துகொண்டே கடலுயிர்களையும் சேகரித்தது. விடுதலைக்குப் பின் 1954இல் அலுவலகம் டேராடூனுக்குப் போனது. கடல் தென்படவே முடியாத இமயமலை அடிவாரத்தில் இந்தியக் கடல்களின் படம் வரையப்படுவது சிரிப்பாகத் தோன்றலாம். படம் வரைபவருக்கு வேண்டியது கடற்காற்று அல்ல, தாள் நமுக்காத வறண்ட அறை என்று யோசித்தால் அத்தனை சிரிப்பும் வராது. தேசிய நீர்வரைவியல் அலுவலகம் என்று இன்று அழைக்கப்படும் அந்த இடத்திலிருந்துதான் மாலுமிகளுக்கான அறிவிப்புகள் மாதம் இருமுறை வெளியாகின்றன: ஒரு மிதவை அணைந்தது, ஒரு விளக்கின் ஒளி மாறியது, ஒரு கப்பல் மூழ்கியது என்று.

இன்று இந்தத் தொழிலுக்குள் வர வழிகள் பல. கடற்படை அதிகாரியாகவோ மாலுமியாகவோ சேர்ந்து கோவாவில் உள்ள நீர்வரைவியல் பயிற்சி நிலையத்தில் படிப்பது ஒன்று. ஏ, பி என இரு நிலைகளில் பன்னாட்டு அங்கீகாரம் பெற்ற பயிற்சி அங்கே கிடைக்கிறது. அளவைக் கப்பல்களில் ஒன்றான சந்தாயக் 2024 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் பணியில் சேர்ந்தது. ஈயக்குண்டின் இடத்தில் பல்கற்றை எதிரொலிக் கருவி இருக்கிறது. ஒரு புள்ளியில் ஓர் ஆழம் என்பதுபோய் கப்பல் செல்லும் பாதையின் அடித்தரை ஒரு பட்டையாகவே தெரிகிறது. துறைமுகங்களுக்கும் தனித்தனியே அளவையாளர்கள் உண்டு. அவர்கள் வேலை அலுப்பானதென்று நினைக்கலாம், ஒரே வாய்க்காலைத் திரும்பத் திரும்ப அளப்பது. ஆனால் தூர்வாரிய ஒப்பந்தக்காரருக்குப் பணம் தருவதும், எவ்வளவு ஆழம் மூழ்கும் கப்பலை உள்ளே விடலாம் என்பதும் அவர்கள் தரும் எண்ணில்தான் நிற்கின்றன. கரைக்கு வெளியே கப்பலில் ஏறி அதை உள்ளே கொண்டுவரும் பைலட், விளக்குகளைப் பராமரிக்கும் கலங்கரைத் துறையினர், டேராடூனில் மின்னணுப் படம் தொகுப்பவர் எல்லோரும் அதே சங்கிலியின் கண்ணிகள்.

சென்னை வட்டாரத்தில் இந்த வேலை ஒருபோதும் ஓயாததற்கு மணல்தான் காரணம். ஆண்டின் பெரும்பகுதி அலை இந்தக் கரையில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே உருட்டுகிறது. சென்னைத் துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவர் அதை மறித்தபோது தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. 2001இல் எண்ணூரிலும் அடுத்த பத்தாண்டில் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்தன. மணலின் ஓட்டம் ஒவ்வொரு சுவருக்கும் புதிய கணக்குப் போடுகிறது. கடலும் இங்கே நெரிசலாகிவிட்டது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அது வரைபடத்தின் குறை அல்ல. படம் எவ்வளவு சரியாக இருந்தாலும் ஒன்றையொன்று பார்த்து ஓட்டும் வேலை மனிதர்களிடமே இருக்கிறது.

மீனவர்களின் கையிலும் இன்று ஜிபிஎஸ் இருக்கிறது. கோபுரமும் பனந்தோப்பும் சேரும் கோடு எண்களாகிவிட்டது. வலை கிழியும் பாறைக்கும் மூழ்கிய கப்பலுக்கும் ஒவ்வொரு படகிலும் ஒரு புள்ளிப் பட்டியல் உண்டு, அதை எளிதில் யாருக்கும் காட்டுவதில்லை. டச்சுக்காரரின் தோல்படத்தைப் போலத்தான். எதிர்த்திசையிலிருந்தும் எண்கள் வருகின்றன. 1971இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவத் தொடங்கியதிலிருந்து, ஏவும் நாள்களில் கடலின் குறிப்பிட்ட பகுதிகள் ஆபத்து மண்டலமாக அறிவிக்கப்படுகின்றன. கப்பலுக்கு அது அட்சமும் தீர்க்கமுமாகப் போகிறது. குப்பங்களுக்கு வரும்போது அது இன்று கடலுக்குப் போகக்கூடாது என்ற ஒரே வரியாகச் சுருங்கிவிடுகிறது.

படகுக்காரர்களுக்கு அன்றாடம் தேவையான ஆழம் ஒன்றே ஒன்று, முகத்துவாரத்தின் ஆழம். அது மழைக்கும் அலைக்கும் தகுந்து அகலும், குறுகும், சில கோடைகளில் மூடியே போகும். மூடினால் ஏரிக்குள் கடல்நீரும் இறாலும் வராது, கடலுக்குப் போகும் படகும் வெளியேறாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்த ஒரு குழுவின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். முகத்துவாரம் தூராமல் இருக்க நேர்கல் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கையாக இருந்து, அரசு பணியாக எடுத்துக்கொண்டது. சுவர் நின்றாலும் நின்ற இடத்தைச் சுற்றி மணல் மறுபடி நகரும், மறுபடி அளக்க வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் மாறும் இந்த வாயின் ஆழத்தை அச்சிட்ட படம் பிடித்து வைக்க முடியாது. படகை இறக்குமுன் அலை எங்கே வெள்ளையாக உடைகிறது என்று கரையில் நின்று பார்க்கிறார்கள். பிறகு ஒருவர் கம்பை ஊன்றிக்கொண்டு நீருக்குள் இறங்குகிறார். முழங்கால், இடுப்பு, மார்பு என்று அளவு உடம்பில் ஏறிக்கொண்டே போகிறது.